எந்த அப்பா?

மனித நாகரிகம் தன் உச்சியைத் தொடுவது கோபுரங்களில் அல்ல, கப்பல்களிலும் அல்ல. முன்பின் அறியாத இருவர் ஒரே அறையில், ஒருவரை ஒருவர் சிறுமைப்படுத்தாமல், சிறிது நேரம் கழித்துவிட்டுப் பிரிவதில்தான். இந்த மகத்தான உண்மை சின்னவனுக்கு உதித்தது ஒரு பெரிய ஓட்டலின் பதினோராவது மாடியில், தன் சொந்த அண்ணியை உடை அலமாரிக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது.

"முழங்காலை மடக்குங்க அண்ணி. இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல மடக்கணும்னா கழட்டித்தான் வெக்கணும். கதவைச் சாத்து தம்பி."

சாத்தினான். கொஞ்சம் ஓங்கியே சாத்திவிட்டான். அலமாரிக் கதவின் பித்தளைக் குமிழ், பூப் பறித்ததுபோல், அவன் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திரும்பப் பொருத்திப் பார்த்தான். குமிழுக்குப் பின்னால் இருந்த கம்பி உள்ளே எங்கோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணி, கதவு சாத்தியாச்சு."

"தெரியுது."

"ரொம்ப நல்லா சாத்தியாச்சு."

அலமாரி உள்ளிருந்து ஒருமுறை முட்டிப் பார்த்தது. பிறகு, "நான் இதுலேர்ந்து வெளிய வந்ததும் உங்க அண்ணன்கிட்ட உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஞாபகப்படுத்து" என்றது.

அண்ணி துப்பறிபவள். சின்னவன் அவளுடைய கணவனின் தம்பி, அவளுக்கு ஒரே உதவியாளன். அவன் எந்நேரமும் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், அவளைத் தேடி வரும் பல் போன கிழவர்கள்கூட அவளை அண்ணி என்றே அழைத்தார்கள். மூளை அவளுடையது, வாய் இவனுடையது என்பது தொழில் ஒப்பந்தம். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் உருப்படாது என்பது அண்ணனின் கருத்து.

வழக்கு சிறியது. அதைக் கொண்டுவந்தவர்தான் பெரியவர். ஊர் அவரைப் பெருந்தகை என்று அழைத்தது. நல்லில்லறப் பேரவையின் தலைவர். கணவன் மனைவி எப்படி வாழ வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசுபவர். பேசுவதெல்லாம் தூய தமிழ். தும்மினால்கூட இலக்கணப்படிதான் தும்முவார் என்று சீடர்கள் பெருமைப்படுவார்கள். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தெரியாத எண், தெரியாத பெண் குரல்.

"'கலங்கரை விளக்கக் காவலரின் மகளைப் பற்றி யாமறிவோம். மேடையில் நிற்காதீர்' என மிரட்டினாள்" என்று அண்ணியிடம் வந்து முறையிட்டார்.

"'யாமறிவோம்'னேவா சொன்னா?" என்று கேட்டான் சின்னவன்.

"கருத்து அதுவே" என்றார் பெருந்தகை.

அந்தக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் யார் என்பதைச் சொல்ல அவருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. மிக உயர்ந்த இடத்து ஆண்களுக்குத் துணையாக வரும் பெண்களை அனுப்பும் நிறுவனம் ஒன்று உண்டு. தோழமைச் சேவை என்று அதற்குப் பெயர். அங்கிருந்து ஒரு தோழியைப் பெருந்தகை மாதம் தவறாமல் சந்தித்து வந்தார். வீட்டில் அதற்கு 'உரைத் தயாரிப்பு' என்று பெயர். தன் ரகசியம் அறிந்தவள் அவள் ஒருத்திதான், எனவே மிரட்டுபவளும் அவளே என்று முடிவு கட்டி, நிறுவனத்தில் புகார் கொடுத்துவிட்டார். இன்று நண்பகலுக்குள் புகார் திரும்பப் பெறப்படாவிட்டால் அவளுடைய உண்மைப் பெயரையும் முகவரியையும் அவருடைய வக்கீலிடம் ஒப்படைப்பதாக நிறுவனம் வாக்களித்திருந்தது. அதே நண்பகலில் அதே ஓட்டலின் அதே மாடியில் பேரவை மாநாடு. 'இல்லற மாமணி' என்ற விருது அவருக்கு.

"அவசரப்படாதீங்க. அந்தப் பொண்ணை நான் ஒரு தடவை பாக்கணும்" என்று அண்ணி சொன்னதன் விளைவுதான் சின்னவன் வாடிக்கையாளனாக வேடம் போட்டது. சந்திப்பைத் தன் மாநாட்டுக்குப் பக்கத்து அறையிலேயே வைக்கச் சொன்னது பெருந்தகையின் யோசனை. வாக்குமூலம் சூடாகக் கையில் கிடைக்க வேண்டுமாம்.

முந்தின நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சின்னவனுக்குப் பாடம் எடுத்திருந்தாள். பன்னீர் தெளித்ததுபோன்ற குரல். குளித்துவிட்டு வர வேண்டும். ஆனால் அத்தர் கடையையே ஊற்றிக்கொண்டு வரக் கூடாது. குடித்திருக்கக் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். பேரம் அநாகரிகம். கையில் உறையைத் திணிப்பது அதைவிட அநாகரிகம். மேசைமேல் வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். நேரம் முடிந்ததும் தோழி கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், நீங்களாகப் பார்க்க வேண்டும். 'நான் உன்னை இந்த வாழ்க்கையிலிருந்து மீட்கிறேன்' என்று யாரும் கிளம்பக் கூடாது.

"அப்படிக் கூடவா கிளம்பறாங்க?"

"வாரத்துக்கு ஒருத்தர் கிளம்பறாங்க சார். பெரும்பாலும் கல்யாணமானவங்க." பன்னீர்க் குரல் இருமிக்கொண்டது. "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. 'இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தே?'ன்னு மட்டும் கேக்கவே கூடாது."

அதைத்தான் முதலில் கேட்கச் சொல்லியிருந்தாள் அண்ணி.

கதவு தட்டப்பட்டது.

சின்னவன் மனதில் வரைந்து வைத்திருந்த படத்துக்கும் வந்தவளுக்கும் சம்பந்தமே இல்லை. வெளிர்சாம்பல் நிறச் சேலை, காதோரம் ஒரு மச்சம், கையில் ஒரு தோல்பை. வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். கடனும் கேட்க மாட்டார்கள். உள்ளே வந்ததும் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரியை நோக்கி நடந்தாள்.

"அது திறக்காது மேடம்!" என்று பாய்ந்தான் சின்னவன். "ரிப்பேர்." நிரூபணமாகக் குமிழை நீட்டினான். நீட்டிய பதற்றத்தில் இன்னொரு கையில் இருந்த உறையையும் சேர்த்து அவள் கையில் திணித்துவிட்டான்.

அவள் குமிழை மேசையில் வைத்தாள். உறையை அதன் மேல் வைத்தாள். "முதல் தடவையா சார்?"

"அவ்வளவு நல்லாவா தெரியுது?"

"குமிழை எனக்குக் குடுத்தது நீங்கதான் முதல் ஆள். உக்காருங்க. என்ன பேசலாம்?"

"பேசவா?"

"பாதிப் பேர் பேசத்தான் வர்றாங்க. மீதிப் பேர் நிறுத்தாம பேச வர்றாங்க. எங்க வேலையில பெரிய பகுதி காதுதான்." சொல்லிக்கொண்டே தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்ததை உடனே நிமிர்த்தி மணி பார்த்தாள். மறுபடி கவிழ்த்தாள். தோழி கடிகாரம் பார்க்க மாட்டாள் என்று பன்னீர்க் குரல் சொன்னது சின்னவனுக்கு உறைத்தது. இவளுக்கு ஏதோ அவசரம் இருக்கிறது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தொழிலுக்கு எப்படி…"

அவள் முகம் சுளிக்கவில்லை. சந்தையில் இருநூறாவது ஆள் விலை கேட்கும்போது கடைக்காரி விடும் மூச்சு ஒன்று உண்டே, அதை விட்டாள்.

"எங்கப்பா சர்க்கஸ்ல கத்தி வீசறவரு" என்று தொடங்கினாள். "எங்கம்மாதான் பலகை முன்னாடி நிக்கறவங்க. ஒருநாள் அவருக்குத் தும்மல் வந்துது…"

கதை கச்சிதமாக இருந்தது. அம்மாவின் காதணி மட்டும் கத்தி நுனியில் ஆடிக்கொண்டு நின்ற இடத்தில் சின்னவன் கைக்குட்டையைத் தேடினான். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு சர்க்கஸ் ஊரைவிட்டுப் போகும்போது அவன் மூக்கை உறிஞ்சினான்.

"கலங்கரை விளக்கம் என்னாச்சு?" என்றது அலமாரி.

தோழி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவள் கத்தவில்லை. பையை எடுத்தாள், உறையைத் தொடவில்லை, நேராகக் கதவுக்குப் போய் ஒரு விரற்கடை திறந்தாள். வெளியே நடைபாதை முழுக்க ஒரே நிறத்தில் தோளுக்குக் குறுக்கே தோள்பட்டி அணிந்த பெண்கள். 'இல்லறமே நல்லறம்' என்று ஒவ்வொரு தோள்பட்டியிலும் எழுதியிருந்தது. நடுவே, வருவோரை வரவேற்றுக்கொண்டு, பெருந்தகையின் மனைவி. தோழி சத்தமில்லாமல் கதவை மூடினாள். அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"பழகின வாடிக்கையாளரோட வீட்டு ஆளுங்க மாடியில இருந்தா நாங்க அறையை விட்டு வெளிய வரக் கூடாது" என்றாள் வறண்ட குரலில். "அது எங்க விதி. அலமாரியில யாரு?"

"எங்க அண்ணி."

"சார், எவ்வளவோ பேரைப் பாத்திருக்கேன். அண்ணியைக் கூட்டிட்டு வந்தவங்க இல்ல."

"நீ நெனைக்கற மாதிரி இல்லம்மா" என்றது அலமாரியின் பலகை இடுக்கு. "நான் துப்பறியறவ. உன் மேல புகார் குடுத்தவர் என்னை வெச்சிருக்காரு. வெச்சிருக்காருன்னா வேலைக்கு. தம்பி, சிரிக்காதே, கேக்குது."

தோழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேர்த்தியான சேலை கசங்குவதைப் பற்றிய கவலை போய்விட்டது. "அப்போ நீங்களும் அவங்க ஆளுங்கதான். நான் யாரையும் மிரட்டலை. சொல்லிப் பாத்துட்டேன். பன்னெண்டு மணிக்கு என் பேரைக் குடுத்துடுவாங்களாம்."

"பேருதானே மேடம்?" என்றான் சின்னவன்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சார். என்னோட இருக்கா. அவங்கப்பா வீட்டுல அவளைத் தூக்கிட்டுப் போக ஒரு காரணம் கெடைக்காதான்னு காத்துட்டிருக்காங்க. நான் பல் மருத்துவக் கருவி விக்கறதா நெனைச்சிட்டிருக்காங்க. என் பேரு ஒரு வக்கீல் மேசைக்குப் போச்சுன்னா மறுவாரம் கோர்ட்டுல இருக்கும். பேருதானே!"

அலமாரி இடைமறித்தது.

"உன்னோட அப்பா விஷயத்தைச் சொல்லித்தான் மிரட்டல் வந்திருக்கு."

"எந்த அப்பா?"

"எந்த அப்பாவா?"

தோழி களைப்பாகச் சிரித்தாள். "அக்கா, எனக்கு நிறைய அப்பா. அந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாதுன்னு விதி. கேக்காத ஆளே கெடையாது. கேட்டதும் கண் கலங்கணும், ஆனா மனசு ரொம்பக் கெட்டுடக் கூடாது. அதான் அவங்க எதிர்பார்ப்பு. அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி அப்பா. ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டேன். என்னைப் பத்தின பேச்சு எங்கேயாவது சுத்தி என் காதுக்கே வந்தா, அதுல எந்த அப்பா இருக்காருன்னு பாப்பேன். வாயைத் திறந்தது யாருன்னு தெரிஞ்சிடும்."

"அடேங்கப்பா" என்றான் சின்னவன். "கத்தி வீசறவர் எனக்கே எனக்கா?"

"உங்களுக்கே உங்களுக்கு."

"தம்பி, சந்தோஷப்பட நேரம் பாத்தே! இங்க வந்தது கலங்கரை விளக்கக் காவலர் அப்பாம்மா. அவரை யாருக்குக் குடுத்தே?"

தோழி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். முகத்தில் ஏதோ விளக்கு எரிந்தது; அதை உடனே ஊதி அணைத்தாள். "ஒரு வாடிக்கையாளரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசறதில்லை. பேசினா அதோட என் பொழைப்பு போச்சு."

"பேசாட்டியும் போகப் போகுதே மேடம்!"

"அதுக்காக?" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் இருந்த மிடுக்கு, பெருந்தகையின் எந்த மாநாட்டிலும் கிடைக்காத சரக்கு.

அலமாரிக்குள் துணி மாட்டிகள் ஒன்றோடொன்று உரசின. "சரி, நீ பேச வேண்டாம். நான் ஒண்ணு கேக்கறேன். அந்த அப்பாவை ஒரே ஒருத்தருக்குத்தான் குடுத்திருக்கே. அந்த ஒருத்தரும், உன் மேல புகார் குடுத்தவரும் ஒரே ஆள். இல்லைன்னா தலையை ஆட்டு."

தோழி கழுத்தை நேராக நிமிர்த்திக்கொண்டாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியலை. ஆட்டறாளா?"

"ஆட்டலை அண்ணி."

"ஆக, கதையை வெளிய விட்டது நம்ம பெருந்தகையேதான். யார்கிட்ட விட்டாருங்கறதுதான் பாக்கி."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. தட்டிய தோரணையிலேயே ஒரு முன்னுரை இருந்தது. சின்னவன் திறந்ததும் பெருந்தகை உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தி, சங்கிலியையும் மாட்டினார். கழுத்தில் பொன்னிறக் கரையிட்ட துண்டு, சட்டையில் ரோஜா அளவுக்கு ஒரு சின்னம்.

"கையும் களவுமாகப் பிடித்தீரா?" என்று கேட்டார். தோழியைப் பார்த்ததும் பார்வையைச் சுவரில் இருந்த ஓவியத்துக்கு மாற்றிக்கொண்டார். "அண்ணியார் எங்கே?"

"உள்ள இருக்காங்க" என்று அலமாரியைக் காட்டினான் சின்னவன்.

"வணக்கம்" என்றார் அலமாரியை நோக்கி.

"வணக்கம் ஐயா. அந்தக் கலங்கரை விளக்கக் கதையை யார்கிட்டல்லாம் சொன்னீங்க?"

"எவரிடமும் இல்லை!"

"நல்லா யோசிங்க."

"எவரிடமும் தனியாக இல்லை" என்றார் பெருந்தகை. ஓவியத்தில் இருந்த குதிரையை வெகு கவனமாக ஆராய்ந்தார். "மேடைகளில்… ஓர் எடுத்துக்காட்டாக… பெயர் சுட்டாமல்… அவையோர் கண்ணீர் உகுத்தனர். அதிலும் புயலில் விளக்கு அணையும் கட்டத்தில்…"

"என் கதையை மேடையில பேசினீங்களா?" தோழி எழுந்து நின்றாள். "உங்க ரகசியத்தைக் கேட்டுட்டு நான் வாயைத் திறக்கக் கூடாது. நீங்க கேள்விப்பட்டதை மைக் வெச்சுப் பேசுவீங்க. அப்புறம் நான் மிரட்டறேன்னு புகார் குடுப்பீங்க!"

"நீதிபோதனைக்காகப் பயன்படுத்தினேன்."

"அப்போ ஊருல பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும் அண்ணி" என்றான் சின்னவன். "யாருன்னு கண்டுபிடிக்க? கூட்டத்துல அழுதவங்க எல்லாரையும் வரிசையில நிக்க வெக்கணும்."

"மிரட்டினவ காசு கேட்டாளா ஐயா?" என்றாள் அண்ணி.

"இல்லை."

"வேற ஏதாவது?"

"மேடையில் நிற்காதீர் என்பதே நிபந்தனை."

"ஐயா," அண்ணியின் குரலில் முழங்கால் வலியும் பொறுமையும் சேர்ந்து கேட்டன, "அவ சொன்னதை அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. உங்க தமிழ்ல வேண்டாம்."

"அது கொச்சை அம்மா. பிழை மலிந்தது. நான் திருத்தித்தான்…"

"பிழையோட சொல்லுங்க."

பெருந்தகை தொண்டையைச் செருமினார். தன் வாயால் கொச்சை பேசுவதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சின்னவனுக்கே இரக்கம் வந்தது. சாக்கடையைத் தாண்டுபவர் வேட்டியைத் தூக்கிக்கொள்வதுபோலப் புருவத்தைத் தூக்கிக்கொண்டார்.

"'அந்தக் கலங்கரை விளக்கக்காரர் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும். என்னை மேடையில நிக்க வெச்சுடாதீங்க.'"

"என்னையா?"

"அதைத்தான் சொன்னேன், பிழை என்று. நிற்கப் போகிறவன் நான். 'என்னை நிற்க வைக்காதீர்' என்கிறாள். எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று அறியாத பேதை. எனவே 'நிற்காதீர்' என்று சீர்செய்தேன்."

அலமாரிக்குள் மாட்டிகள் அசையவில்லை. தோழி மெல்ல உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அண்ணி இப்படிப் பேசாமல் இருந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"விருது குடுக்கும்போது மேடையில உங்க பக்கத்துல யாரு நிப்பாங்க ஐயா?"

"மரபுப்படி என் இல்லத்தரசி."

"வேற எதையாவது திருத்தினீங்களா? எடுத்தீங்களா?"

"முதலில் ஒரு சொல். பொருளற்ற விளிச்சொல், நீக்கிவிட்டேன்."

"என்ன சொல்?"

"'என்னங்க'" என்றார் பெருந்தகை.

"என்னங்க" என்றது கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல். "உள்ளதானே இருக்கீங்க? மேடைக்குக் கூப்பிடறாங்க."

பெருந்தகையின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று துப்பறிய அண்ணியால்கூட முடிந்திருக்காது. அவர் ஜன்னலைப் பார்த்தார், பதினோராவது மாடி. அலமாரியைப் பார்த்தார், ஏற்கனவே ஆள் இருக்கிறது. மாநாட்டுத் தலைவருக்குரிய கம்பீரம் குலையாமல், ஆனால் ஓட்டமாகக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

"தம்பி," என்றாள் அண்ணி, "கதவைத் திற. அந்தம்மா மிரட்டலை. கெஞ்சியிருக்காங்க. இவருதான் இலக்கணம் பாத்து அதை மிரட்டலாக்கிட்டாரு."

சின்னவன் சங்கிலியை எடுத்தான். அம்மையார் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோள்பட்டியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். சாய்ந்த நாற்காலி, மேசையில் பித்தளைக் குமிழ், காதோரம் மச்சத்தோடு நின்ற பெண் என்று வரிசையாகப் பார்த்தார்.

"நீதானா?" என்றார்.

"நான் உங்களுக்குப் போன் பண்ணலைம்மா. அவருக்கும் பண்ணலை" என்றாள் தோழி.

"நீ எதுக்குப் பண்றே? பண்ணது நானு." அம்மையார் சோபாவில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார்; காலையிலிருந்து நின்ற கால்கள். "முதல்ல மேடையில 'ஒரு பெண்'னாரு. சரி, உதாரணம்னு நெனச்சேன். அடுத்த ஊருல அவளுக்குக் குரல் வந்துச்சு. அதுக்கடுத்த ஊருல காதோரம் மச்சம் வந்துச்சு. சொல்லும்போது அவரே காதோரம் தடவிக்கறாரு. ஊரே அழுவுது. முன்வரிசையில நான் ஒருத்தி மட்டும் கைதட்டறதா வேண்டாமான்னு உக்காந்திருக்கேன்."

"நேர்ல சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் சின்னவன்.

"நேர்ல சொன்னா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்க மாட்டாரு. என் நம்பர்லேர்ந்து கூப்பிட்டா எடுக்க மாட்டாரு. அதான் பக்கத்து வீட்டு போன்லேர்ந்து கூப்பிட்டேன். நல்லாத்தான் கேட்டாரு. 'யார் நீ, உனக்கென்ன வேண்டும்'னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வெச்சுட்டேன்."

குளியலறையில் குழாய் ஒன்று சொட்டியது. அதைத் தவிர அங்கே மனிதர் இருப்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை.

தோழி கைப்பேசியை நிமிர்த்தினாள். மணி பார்த்தாள். "அம்மா, நீங்க என்னைத் திட்டணும்னா திட்டுங்க. ஆனா அப்புறமா திட்டுங்க. பன்னெண்டுக்குள்ள அவரு புகாரை வாபஸ் வாங்கலைன்னா என் பேரு போயிடும். பேரு போனா என் பொண்ணு போயிடுவா."

"நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்களேன் அம்மா, நான்தான் பண்ணேன்னு" என்றான் சின்னவன்.

"செல்லாது சார். புகார் குடுத்தவர் அவர் வாயாலதான் சொல்லணும்."

அம்மையார் அவளை நிதானமாகப் பார்த்தார். "பொண்ணுக்கு எத்தனை வயசு?"

"எட்டு."

"அவகிட்ட உங்கப்பா யாருன்னு சொல்லி வெச்சிருக்கே?"

"நிஜத்தைத்தான்" என்றாள் தோழி. "தபால்காரர். எல்லாரையும் மாதிரி ஓய்வு வாங்கிட்டு வீட்டுல டிவி பாக்கறாரு. அவரை யாருக்கும் குடுத்ததில்லை."

அம்மையார் எழுந்தார். குளியலறைக் கதவருகே போய், விரல் கணுவால் தட்டினார். வீட்டில் குளித்தது போதும் என்று சொல்லத் தட்டும் அதே தட்டு.

"என்னங்க. அந்த ஆபீசுக்குப் போன் பண்ணுங்க."

"அவையோர் காத்திருப்பார்களே" என்றது உள்ளிருந்து ஒரு குரல். ஓடு பதித்த சுவரில் மோதி அது இன்னும் கம்பீரமாக ஒலித்தது.

"நீங்க போன் பண்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். பண்ணலைன்னா மேடைக்குப் போய் நிப்பேன். மைக்கும் இருக்கும். கலங்கரை விளக்கக் கதையில மீதியை நான் சொல்லி முடிக்கறேன்."

உள்ளே எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் இல்லறம் பேசியவருக்கு, ஒரு மனைவியின் பேச்சு முதல் தடவையிலேயே புரிந்துவிட்ட அபூர்வ நிகழ்ச்சி அது. பதற்றத்தில் ஒலிபெருக்கியையும் அழுத்திவிட்டார் போலிருந்தது. அறை முழுவதும் பன்னீர் தெளித்தது.

"வணக்கம், தோழமைச் சேவை."

"நான் அளித்த முறையீட்டைத் திரும்பப் பெறுகிறேன். அப்பெண் குற்றமற்றவள்."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. பன்னெண்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஃபைலை மூடிடறோம். தோழியோட பேரு எங்களைத் தாண்டிப் போகாது. நீங்கதான் பேசறீங்கன்னு உறுதிப்படுத்தணும் ஐயா. உங்களைக் கொஞ்சிக் கூப்பிட நீங்க பதிஞ்சு வெச்ச செல்லப் பேரைச் சொல்லுங்க."

குழாய் சொட்டுவது நின்றது. தோழி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள். அம்மையார் கதவில் காதை வைத்தார். சின்னவன் அதற்கு மேலேயே வைத்திருந்தான்.

உள்ளே ஏதோ முணுமுணுப்புக் கேட்டது.

"மன்னிக்கணும், கேக்கலைங்க ஐயா. கொஞ்சம் உரக்க."

"தம்பி," என்றது அலமாரி, "என்னன்னு எனக்கும் சொல்லு, இங்க ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

பெருந்தகை மூச்சை இழுத்தார். மேடையில் முதல் வாக்கியத்துக்கு முன் இழுக்கும் அதே மூச்சு. சொன்னார். நடைபாதை வரைக்கும் கேட்டது.

"அம்மு குட்டி. சரிங்க ஐயா, இருக்கு" என்றது பன்னீர்க் குரல். "புகார் ரத்து."

தோழி அப்படியே சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழத் தொடங்கினாள். இந்த அழுகைக்கு எந்த அப்பாவும் தேவைப்படவில்லை. அம்மையார் சுருட்டி வைத்திருந்த தோள்பட்டியைப் பிரித்து அவள் தோளில் மாட்டிவிட்டார். "வா, லிஃப்ட் வரைக்கும் நான் கூட வர்றேன். இதைப் போட்டுட்டுப் போனா எவளும் கேக்க மாட்டா."

குளியலறையில் பெருந்தகை இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை. அம்முக்குட்டி என்பதில் நடுவே 'க்' வரும் என்று திருத்திக்கொண்டிருந்தார்.